பத்து வயதில் முடியும் குழந்தைமை

1997 ஏப்ரலில் யப்பானியத் தொலைக்காட்சியில் தொடங்கிய 'பொக்கேமொன்' தொடரின் தலைமைக் கதாசிரியர் தகேஷி ஷுடோ. அக்கதையை நாவலாக்கியபோது, தொடர் கேளாமல் விட்ட ஒன்றை அவர் கேட்கிறார்: பத்து வயதுச் சிறுவனைத் தனியே வெளியேற விடுவது எத்தகைய சமூகம்?

திரையில் சடோஷி 2023இல் விடைபெறும்வரை பத்து வயதிலேயே நின்றான். போரிடும் பிராணிகளும் பயணமும் உற்சாகம் மட்டுமே. நாவலில் பத்து வயதானவன் சட்டப்படி வளர்ந்தவன். குற்றம் செய்தால் தண்டனையும் உண்டு. தந்தையோ பயணம் போய்த் திரும்பாதவர். தாய் தனித்தே மகனை வளர்க்கிறார்.

சுதந்திரம் என்ற பெயரில் சமூகம் தன் பொறுப்பைக் கைகழுவுவதையே இச்சட்டம் காட்டுகிறது. பிராணிகளின் சண்டையைவிடக் கொடியது இதுதான். சிறுவர் நூலென்று இதனை நாம் ஒதுக்கிவிட முடியாது.