இரட்சணிய யாத்திரிகத்தில் ஜெபமும் ஒப்படைப்பும்

எச். ஏ. கிருஷ்ணப் பிள்ளை (1827–1900) இயற்றிய 'இரட்சணிய யாத்திரிகம்' 1894ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது. ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட 'மோட்சப் பிரயாணம்' கதையைத் தழுவி, ஐந்து பருவங்களாக எழுந்த காப்பியம் இது. இதன் கம்பன் சாயலையும் வருணனை வளத்தையும் அறிஞர் பலர் பாராட்டியுள்ளனர். இடையிடையே வரும் தேவாரப் பாடல்களோ, கதையோட்டத்தைத் தடுப்பவையாக வாசகருக்குத் தோன்றக்கூடும். ஆனால் அவ்வேண்டுதல்களை நீக்கினால் பயணம் மட்டுமே எஞ்சும். பயணியின் ஆவிக்குரிய வளர்ச்சி புலப்படாது.

மூலக்கதையிலேயே இதற்கு வித்து உண்டு. மரண நிழலின் பள்ளத்தாக்கில் நரகத்தின் வாயிலிருந்து தீச்சுவாலை எழுகிறது. அங்கே வாள் பயன்படவில்லை. பயணி அதை உறையில் இட்டுவிட்டு ஜெபம் என்னும் ஆயுதத்தை எடுக்கிறான். பின்னர், நேர்வழியை விட்டு எளிதாகத் தோன்றிய புல்வெளிப் பாதையில் இறங்கியதால், அவனும் தோழனும் சந்தேகக் கோட்டையில் சிறைப்படுகின்றனர். நள்ளிரவில் தொடங்கி விடியும் தறுவாய் வரை ஜெபிக்கின்றனர். அதன் பிறகே, வாக்குத்தத்தம் என்னும் திறவுகோல் தன் மார்பிலேயே இருப்பது அவனுக்கு நினைவு வருகிறது. ஜெபம் புதிய திறவுகோல் எதையும் கொண்டுவரவில்லை. முன்பே பெற்றிருந்ததை உணரும் நிலைக்கு அவனைக் கொண்டுவந்தது. ஆவிக்குரிய வளர்ச்சி என்பது இதுவே.

ஒப்படைப்பும் இவ்வாறே நோக்கத்தக்கது. பயணியின் முதுகுச் சுமை சிலுவையடியில் கழன்று விழும் நிகழ்ச்சி கதையின் முற்பகுதியிலேயே வந்துவிடுகிறது. மலைகளும் பள்ளத்தாக்குகளும் சந்தேகமும் அதற்குப் பின்னரே வருகின்றன. தன்னைக் கர்த்தரிடம் ஒப்புக்கொடுத்தவன் ஓய்ந்து உட்காருவதில்லை. அன்றுதான் அவன் நடை முறையாகத் தொடங்குகிறது. ஒருமுறை செய்த ஒப்படைப்பை வழி நெடுகப் புதுப்பித்துக்கொள்வதே ஜெபத்தின் பணி.

கிருஷ்ணப் பிள்ளை இக்கருத்துக்கு ஓர் அடித்தளம் இடுகிறார். பனியன் விரித்துரைக்காத இயேசுவின் பாடுகளைக் குமார பருவத்தில் விரிவாகப் பாடுகிறார். பகைவர் கயிற்றால் கட்டும்போது இயேசு அமைதியாக நிற்கிறார். அவரை உண்மையில் கட்டியிருப்பது மனிதர்மேல் அவர் கொண்ட அன்பு என்று கவிஞர் காட்டுகிறார். கெத்செமனே தோட்டத்தில் பிதாவின் சித்தத்துக்குத் தம்மை ஒப்புக்கொடுத்தவர் அவர். எனவே மனிதனின் சரணடைதல் அச்சத்தால் பணிவதாகாது. தனக்காக முன்பே தம்மைத் தந்தவருக்கு அளிக்கும் மறுமொழியாகிறது.

இந்த அழுத்தத்துக்குக் கவிஞரின் வாழ்வும் ஒரு காரணமாகலாம். திருநெல்வேலிச் சீமையில் வைணவக் குடும்பத்தில் பிறந்து, கம்பராமாயணப் பயிற்சியோடு வளர்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர் அவர். தன்னிடம் கைம்முதல் எதுவும் இல்லை, வேறு புகலும் இல்லை என்னும் வைணவச் சரணாகதி மனநிலைக்கும், கிருபையால் மட்டுமே மீட்பு என்னும் சீர்திருத்தத் திருச்சபையின் போதனைக்கும் தொனியில் நெருக்கம் உண்டு. கொள்கை வேறாயினும், கெஞ்சிக் கேட்கும் தமிழ் அவருக்கு முன்பே பழகியிருந்தது. பதிக மரபில் அவர் பாடிய வேண்டுதல்கள் மொழிபெயர்ப்பு வாடையின்றி அமைந்ததற்கு அதுவும் உதவியிருக்கும்.

குறையும் சுட்டப்பட வேண்டும். சந்தேகக் கோட்டையில் எழும் ஜெபம் குறிப்பிட்ட ஒரு தவற்றிலிருந்து பிறக்கிறது. வழி விலகியவர்களின் குரல் அது. தேவாரங்களில் பேசும் 'நான்' எந்த விசுவாசியாகவும் இருக்கலாம். அதனால் பயணியின் தனி முகம் சில வேளை மங்குகிறது. எந்த வீழ்ச்சிக்குப் பின் எந்த வேண்டுதல் எழுந்தது என்று தொடர்புபடுத்திப் பார்க்கும் வேலை வாசகருக்கே விடப்படுகிறது. காப்பியம் என்ற நிலையில் இது இழப்பு. ஆயினும் அந்தப் பொதுமையே அப்பாடல்களைத் தனி ஒருவரும் சபையும் தம் வேண்டுதலாகப் பாட இடமளிக்கிறது.

மாணவர்கள் இந்நூலைப் படிக்கும்போது தேவாரங்களைத் தாண்டிச் செல்லாமல், ஒவ்வொன்றுக்கும் முன்னும் பின்னும் உள்ள கதைப்பகுதியைச் சேர்த்துப் படிப்பது நன்று. பயணி எவ்வளவு தொலைவு நடந்தான் என்பதைக் கதை சொல்லும். அந்த நடையில் அவன் யாராக மாறினான் என்பதை அவன் ஜெபம் சொல்லும்.