ஒவ்வாமையா, ஏற்பா? பஞ்சாலைத் தூசு நோயும் தமிழ் மருத்துவ எழுத்தின் சொற்றேர்வும்

அருப்புக்கோட்டை, திருச்சுழி வட்டாரங்களின் மானாவாரிக் கரிசலில் பருத்தி விளைகிறது. அருப்புக்கோட்டை நூற்பாலைகளும் தறிகளும் உள்ள ஊர். பருத்தியோடு வாழும் இத்தகைய நிலப்பகுதியில் பஞ்சுத் தூசால் வரும் நுரையீரல் நோயைத் தமிழில் எப்படிச் சொல்கிறோம் என்பது மொழிபெயர்ப்புச் சிக்கலாக மட்டும் நின்றுவிடுவதில்லை. நோய்க்குக் காரணம் தூசா, தொழிலாளியின் உடம்பா என்ற வழக்கில் நாம் தேரும் சொல்லும் ஒரு சாட்சி. அச்சாட்சி எவ்வாறு பிறழ்கிறது என்பதையே இக்கட்டுரை ஆராய்கிறது.

பிசினோசிஸ் எனப்படும் இந்நோயின் தனி அடையாளம் அதன் கிழமை. வார விடுப்பு முடிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் நெஞ்சு இறுகும். அடுத்த நாள்களில் தணியும். ஆண்டுகள் செல்லச் செல்ல இறுக்கம் வாரம் முழுவதும் நீளும். பஞ்சைப் பிரிக்கும் புளோரூமிலும் கார்டிங் பகுதியிலும் தூசு மிகுதி. இத்தூசு வெறும் பஞ்சிழை அன்று. பருத்திக் காயைச் சூழ்ந்திருக்கும் பூவடிச் செதில்கள் காய்ந்து நொறுங்கிப் பஞ்சோடு கலக்கின்றன. அவற்றில் வாழும் கிராம்-எதிர் பாக்டீரியாக்களின் வெளிச்சவ்வில் லிப்போபாலிசாக்கரைடு என்னும் பொருள் உள்ளது. தமிழ்ப் பாடநூல் நடையில் இதற்கு ‘அகநச்சு’ என்று பெயர்.

முதல் பிறழ்ச்சி இங்கேயே தொடங்குகிறது. நஞ்சு என்றால் உண்டவரை அதுவே கொல்லும் என்பது தமிழ் வாசகரின் புரிதல். இப்பொருளோ அவ்வாறு செயற்படுவதில்லை. சி3எச்/ஹெச்இஜே என்னும் எலி வகை, பிற எலிகளைக் கொல்லும் அளவு அகநச்சைச் செலுத்தினாலும் பிழைத்திருக்கும். அந்த எலிகளில் டிஎல்ஆர்4 என்னும் உயிரணுப் பரப்பு ஏற்பியின் மரபணு பழுதுபட்டிருப்பதை 1998இல் புரூஸ் பாய்ட்லர் குழுவினர் கண்டறிந்தனர்; 2011இல் நோபல் பரிசு பெற்ற மூவருள் அவரும் ஒருவர். ஏற்பி இல்லையேல் ‘நச்சு’ம் இல்லை. ஆனால் இதே எலிகள் உயிருள்ள சால்மோனெல்லா தொற்றினால் எளிதில் மடிகின்றன என்பதையும் உடன் கருத வேண்டும். காக்கும் ஏற்பியும் வருத்தும் ஏற்பியும் ஒன்றே.

(டிஎல்ஆர் என்பதன் விரிவிலுள்ள ‘டோல்’ வியப்பைக் குறிக்கும் ஜெர்மானியச் சொல். அதை ‘டோல் போன்ற ஏற்பி’ என எழுதினால், மதுரை–தூத்துக்குடி நாற்கரச் சாலையில் பயணிக்கும் நம் வாசகருக்குச் சுங்கச்சாவடிதான் நினைவுக்கு வரும். சுருக்கப் பெயரே போதும்.)

‘ஏற்பி’ என்ற கலைச்சொல் நாம் எண்ணுவதைவிட நன்றாக அமைந்த சொல். ஏல் என்னும் வினையடிக்குப் பெறுதல், பொருந்துதல், எதிர்த்தல் என மூன்று பொருள்களும் உண்டு. டிஎல்ஆர்4 இம்மூன்றையும் செய்கிறது: பொருந்தும் மூலக்கூற்றைப் பெறுகிறது, பெற்றதும் எதிர்வினையைத் தூண்டுகிறது. நுரையீரலின் விழுங்கணுக்கள் டிஎன்எஃப் முதலிய சமிக்ஞைப் புரதங்களைச் சுரக்கின்றன, நியூட்ரோஃபில்கள் திரள்கின்றன, மூச்சுக்குழல் குறுகுகிறது. நம் எழுத்தோ ‘பூட்டும் சாவியும்’ என்ற உவமையோடு நின்று, ஏற்பியை அசையாப் பொருளாக்கிவிடுகிறது. பிறகு அழற்சியை விளக்கப் படையும் பகைவருமாக ஒரு போர்க்களத்தைத் தனியே கொண்டுவர வேண்டியதாகிறது.

உயிரணு இறப்பைப் பற்றிய எழுத்தில் இழப்பு இன்னும் பெரிது. டிஎன்எஃப் தன் ஏற்பியைத் தொட்டதும் உயிரணுவுக்குள் வழிகள் பிரிகின்றன. ஒன்று, பிழைத்திருந்து அழற்சியை வளர்ப்பது. மற்றொன்று, காஸ்பேஸ்-8 வழியே ஒழுங்காகச் சிதைவது. காஸ்பேஸ்-8 தடைப்பட்டால் ஆர்ஐபிகே3, எம்எல்கேஎல் என்னும் புரதங்கள் வழியே சவ்வு கிழிந்து உள்ளிருப்பவை வெளியே சிந்தும். சிந்தியவை மேலும் அழற்சியைத் தூண்டும். ஒழுங்கான சிதைவுக்கு 1972இல் கெர், வில்லி, கரி ஆகிய மூவர் இட்ட அப்போப்டோசிஸ் என்ற பெயர், மரத்திலிருந்து இலை உதிர்வதைக் குறிக்கும் கிரேக்கச் சொல். தமிழில் இதை ‘உயிரணுத் தற்கொலை’ என எழுதுவோர் உளர். அச்சொல் இல்லாத துயரத்தையும் இல்லாத மனத்தையும் உயிரணுவுக்கு ஏற்றுகிறது. ‘உதிர்வு’ என்ற சொல் கையருகே இருக்கிறது. பழுத்த இலை காம்படியில் தானே பிரிந்து விழுவதற்கும் காற்றில் பச்சைக் கிளை முறிந்து பால் வடிவதற்கும் உள்ள வேறுபாட்டைக் கரிசல்காட்டு வாசகருக்கு விளக்க வேண்டியதில்லை. முன்னது உதிர்வு, பின்னது முறிவு. வேலை முடிந்த நியூட்ரோஃபில்கள் உதிர்ந்து, விழுங்கணுக்களால் அகற்றப்படும்போதுதான் அழற்சி தணிகிறது என்பதையும் இவ்விணைச் சொற்களால் எளிதில் சொல்லலாம்.

எல்லாவற்றினும் கேடானது ‘ஒவ்வாமை’. பஞ்சுத் தூசு ‘ஒத்துக்கொள்ளவில்லை’ என்ற பேச்சுவழக்கு அப்படியே எழுத்திலும் ஏறுகிறது. ஒவ்வாமை சிலருக்கு உண்டு, பலருக்கு இல்லை. ஆகவே குறை அவருடைய உடம்பில். ஆலை அவரை வேறு பகுதிக்கு மாற்றலாம், அல்லது வேலையை விட்டு நீக்கலாம். டிஎல்ஆர்4 எல்லா மனிதருக்கும் பிறப்பிலேயே அமைந்தது. அதன் மரபணு வேறுபாட்டால் சிலர் அகநச்சுக்குக் குறைவாகவே எதிர்வினை காட்டுகின்றனர் என்பதை 2000இல் வெளியான ஆய்வொன்று காட்டியது உண்மை. எனினும் அவ்வேறுபாடு சிறுபான்மையோருக்கே உரியது. இறுகும் நெஞ்சே இயல்பான நெஞ்சு. 1987இல் காஸ்டெல்லன் குழுவினர் மாதிரிக் கார்டிங் அறையில் தன்னார்வலர்களைத் தூசுக்கு உட்படுத்தி அளந்தபோது, மூச்சுத்திறன் வீழ்ச்சி தூசின் எடையோடு அன்றி அதிலுள்ள அகநச்சின் அளவோடு இணைந்தே சென்றது. அளவைக் கூட்டினால் எவருக்கும் நேர்வது எப்படி ஒருவரின் ஒவ்வாமையாகும்?

1923ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் மூன்றாம் அட்டவணையில் பருத்தித் தூசால் வரும் மூச்சுநோய் தொழில்நோயாக இடம்பெற்றது. ஆனால் மருத்துவக் குறிப்பில் ‘அலர்ஜி’ என்று எழுதப்பட்டுவிட்டால், அந்த அட்டவணைக்குச் செல்லும் வழி அங்கேயே அடைபடும். ஆகவே தொழிலாளர்க்கான துண்டறிக்கை ஒன்று பின்வருமாறு அமையலாம்: ‘பஞ்சுத் தூசில் உள்ள நுண்ணுயிர்ப் பொருளை நுரையீரல் உயிரணுக்களின் ஏற்பிகள் ஏற்கின்றன. அதனால் மூச்சுக்குழல் அழன்று குறுகுகிறது. இது யாருக்கும் நேரும். விடுப்பு முடிந்து வந்த முதல் நாளில் நெஞ்சு இறுகுகிறதா என்பதை மருத்துவரிடம் தவறாமல் சொல்லுங்கள்.’ இதில் ‘அழன்று’ என்ற சொல் சற்றுக் கடினம். ‘புண்ணாகி’ என மாற்றலாம் என்று சிலர் கருதக்கூடும். புண் என்றால் வெளியே தெரிய வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்க்கு அது மீண்டும் தடையாகும் என்பதால் ‘அழன்று’ என்பதையே இக்கட்டுரையாளர் தேர்கிறார்.