கோதிக் நகைகள்: கறுப்பின் இலக்கணம்

கோதிக் நகை என்றதும் மண்டை ஓடும் வௌவாலும் கறுப்புக் கல்லும்தான் பலர் நினைவுக்கு வரும். அந்தப் பெயருக்கு உரிய இடைக்கால ஐரோப்பிய நகையில் கறுப்புக்கு அதிக இடம் இருந்ததில்லை. 1140களில் பாரிசை அடுத்த சான் தெனி மடாலயத்தில் தொடங்கிய கோதிக் கட்டடக் கலை ஒளியைத் தேடியது. நகையும் அதே வழியில் போயிற்று. இங்கிலாந்தில் மிடில்ஹாம் கோட்டைக்கு அருகே 1985இல் மண்ணுக்குள் கிடைத்த பதினைந்தாம் நூற்றாண்டுப் பதக்கம் இதற்கு நல்ல சான்று. சாய்சதுரப் பொன் தகடு. ஒரு முகத்தில் திரித்துவக் காட்சி, அதன் மேலே நீலக்கல். மறுமுகத்தில் இயேசுவின் பிறப்பு. நீலம் விண்ணுலகின் நிறம். அணிந்தவரைத் தீங்கிலிருந்து காக்கும் கல் என்ற நம்பிக்கையும் இருந்தது.

சாவின் சின்னங்கள் 16, 17ஆம் நூற்றாண்டுகளில்தான் நகையில் பெருகின. எனாமல் பூசிய மண்டை ஓடு, சவப்பெட்டி, மணற்கடிகாரம் ஆகியவை மோதிரத்தில் ஏறின. யாரையும் பயமுறுத்துவது அவற்றின் வேலை இல்லை. 'நீயும் ஒருநாள் போவாய், ஆன்மாவைக் கவனி' என்று அணிந்தவருக்கே சொல்வதற்காகச் செய்தவை. பிறகு இந்த மோதிரம் பொதுவான சாவை விட்டு ஒரே ஒருவரின் சாவைப் பேசத் தொடங்கியது. ஷேக்ஸ்பியர் 1616இல் தம் உயிலில் நாடகத் தோழர் மூவருக்கு மோதிரம் வாங்கிக்கொள்ளத் தலைக்கு 26 ஷில்லிங் 8 பென்ஸ் எழுதி வைத்தார். 1649இல் முதலாம் சார்லஸ் மன்னரின் தலை வெட்டப்பட்டபின், அவருடைய விசுவாசிகள் அவர் உருவத்தைச் சிறு ஓவியமாக மோதிரத்தில் பதித்துக்கொண்டார்கள். இந்த மரபின் உயிர் இங்கேதான் இருக்கிறது என்பது என் எண்ணம். யாருக்காக அணிகிறோம் என்ற கேள்விக்கு நகையே விடை சொன்னது.

பதினெட்டாம் நூற்றாண்டின் பின்பகுதியில் மண்டை ஓடு ஒதுங்கி, தாழியும் கிளை தொங்கும் வில்லோ மரமும் கல்லறையில் சாய்ந்து அழும் பெண்ணும் வந்தார்கள். மணமாகாமல் இறந்தவருக்கு வெள்ளை எனாமல், மற்றவர்க்குக் கறுப்பு. சிறு முத்துகள் கண்ணீர்த் துளிகள். தன் வாலைத் தானே கவ்விய பாம்பு முடிவின்மை. விக்டோரியா அரசிக்கு ஆல்பர்ட் அணிவித்த நிச்சயதார்த்த மோதிரமும் மரகதம் பதித்த பாம்புதான். இறந்தவரின் தலைமுடியைப் பின்னிக் கண்ணாடிக்கு அடியில் வைக்கும் வேலையும் இக்காலத்தில் செழித்தது.

இந்த நகை வகைகளில் எனக்கு மிகப் பிடித்தது பெர்லின் இரும்பு. பிரஷ்ய அரசு 1804இல் பெர்லினில் வார்ப்பாலை நிறுவியது. 1813இல் நெப்போலியனை எதிர்த்த போருக்காகப் பொன்னைக் கொடுக்கும்படி இளவரசி மரியானா பெண்களை வேண்டினார். பொன் கொடுத்தவர்கள் இரும்பு நகை பெற்றார்கள். 'இரும்புக்குப் பொன் தந்தேன்' என்ற வாசகம் அதில் பொறிக்கப்பட்டது. அதே ஆண்டில் இரும்புச் சிலுவை விருதும் பிறந்தது. மெல்லிய மணல் அச்சில் வார்த்து, துரு ஏறாமல் கறுப்பு மெருகு கொடுத்து, ஜரிகைப் பின்னல்போல் இழைத்த கழுத்தணிகள் அவை. தேவாலயச் சாளரத்தின் கூர்வளைவும் மூவிலை வடிவமும் சின்னஞ்சிறு அளவில் அவற்றில் வந்தன. பீரங்கி வார்க்கும் உலோகத்தை இத்தனை நுணுக்கமாக இறக்கிய கை எளிய கை அன்று. விலை மலிவான பொருள் மதிப்பில் பொன்னுக்கு மேலே போன அரிய தருணம் அது.

இங்கிலாந்தில் கோதிக் மறுமலர்ச்சியை முன்னின்று நடத்திய அகஸ்டஸ் பியூஜின் நகையும் வரைந்தார். 1848இல் ஒரு பெண்ணை மணக்க எண்ணிப் பொன், எனாமல், முத்து கொண்டு ஒரு நகைத்தொகுதி வடித்தார். அந்தத் திருமணம் நின்றுபோய், நகை அவர் மணந்த ஜேன் நில் என்பவரிடம் சேர்ந்தது. பர்மிங்காமின் ஹார்ட்மன் பட்டறையில் உருவான அந்தத் தொகுதி 1851 உலகக் கண்காட்சியில் வைக்கப்பட்டது. இடைக்கால வண்ணத்தை அப்படியே மீட்டவர் அவர்.

கறுப்பை அரியணை ஏற்றியது விட்பி ஜெட். யார்க்‌ஷயர் கடற்கரைப் பாறையில் சுமார் 18 கோடி ஆண்டுகள் புதைந்து இறுகிய மரம் அது. அரவ்கேரியா இனத்தின் உறவு. ரோமானியரே யார்க் நகரில் அதைக் கடைந்திருக்கிறார்கள். 1861 டிசம்பர் 14 அன்று ஆல்பர்ட் இறந்தார். விக்டோரியா 1901இல் தாம் இறக்கும்வரை துக்கத்தை விடவில்லை. அரசவையைப் பார்த்து நாடே ஜெட் அணிந்தது. விட்பி என்ற அந்தச் சிறு ஊரில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் இந்தத் தொழிலில் இருந்தார்கள். எடை குறைந்த பொருள் என்பதால் பெரிய சங்கிலியும் கழுத்தை வருத்தாது.

பின்னர் போலிகள் நுழைந்தன. 'பிரெஞ்சு ஜெட்' என்பது வெறும் கறுப்புக் கண்ணாடி. தொட்டால் குளிரும், கனக்கும். வல்கனைட் ரப்பர் வெளிச்சத்தில் பழுப்பேறும். அசல் ஜெட் தொட வெதுவெதுப்பாக இருக்கும். மெருகில்லாத பீங்கானில் உரசினால் பழுப்புக் கோடு விழும். ஸ்பெயினிலிருந்து வந்த மென்மையான ஜெட் வெடித்து விட்பியின் பெயரையே கெடுத்தது. போலியும் மாறிய நாகரிகமும் சேர்ந்து அந்த நூற்றாண்டின் இறுதிக்குள் தொழிலைச் சாய்த்தன.

1970களின் இறுதியில் பங்க் இசையிலிருந்து கிளைத்த கோத் இளைஞர்கள் இந்தச் சின்னங்களை மறுபடி எடுத்தார்கள். 1979இல் பவ்ஹவுஸ் குழுவின் முதல் பாடல்; 1982இல் லண்டனில் பேட்கேவ் மன்றம். பொன்னை ஒதுக்கி வெள்ளியையும் பியூட்டரையும் ஏற்றார்கள். 1983இல் வந்த 'தி ஹங்கர்' படத்துக்குப் பின் எகிப்தின் அங்க் சிலுவை அவர்களுடைய அடையாளமாயிற்று. 'டிராகுலா' நாவலில் இடம்பெற்ற விட்பியில் 1994 முதல் அவர்கள் திருவிழாவாகவும் கூடினார்கள்; ஜெட் நகைக்கு அங்கே மீண்டும் மரியாதை கிடைத்தது.

சின்னம், பொருள், கைவேலை ஆகிய மூன்றும் ஒன்றையே பேசுகின்றனவா என்பதுதான் நான் வைக்கும் அளவுகோல். பெர்லின் இரும்பில் பேசுகின்றன. விட்பி ஜெட்டில் பேசுகின்றன. இன்று ஒரே அச்சில் ஆயிரக்கணக்கில் வார்த்துக் கொட்டும் மண்டையோட்டு மோதிரத்தில் சின்னம் மட்டும் தனியே நிற்கிறது. ஆனாலும் பட்டறையில் உட்கார்ந்து வெள்ளியை ஒவ்வொன்றாகச் செதுக்குவோர் இருக்கிறார்கள். அவர்களை இந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

லண்டன் போகும் வாசகர்கள் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தைத் தவறவிடாதீர்கள்; பொது நுழைவுக்குக் கட்டணம் கிடையாது. பியூஜின் நகையும் பெர்லின் இரும்பும் அந்தச் சேகரிப்பில் இருக்கின்றன. முதலில் இரும்பைத் தேடிப் பாருங்கள்.