வரிசை உடைஞ்சதும் வேகம் வந்துடுச்சா?

லெனார்ட் பாட்டரிங் 2010 ஏப்ரலில் எழுதிய 'ரீதிங்கிங் பிஐடி 1' கட்டுரையைப் போன வாரம் மறுபடி படிச்சேன். சிஸ்டம்டியை உலகத்துக்கு அறிமுகப்படுத்திய கட்டுரை. லினக்ஸ் சீக்கிரம் பூட் ஆகணும்னா ரெண்டு வேலை என்கிறார்: தொடங்குற சர்வீஸ்களைக் குறைக்கணும், தொடங்குறதை ஒரே நேரத்தில் தொடங்கணும். நாம பிடிச்சுக்கிட்டது ரெண்டாவதை மட்டும்தான்.

அந்த ரெண்டாவது நல்ல யோசனை, மறுக்கலை. பழைய சிஸ்வி முறையில் எண் போட்ட ஸ்கிரிப்டுகள், ஒன்று முடிந்தால்தான் அடுத்தது. சார்பு பார்த்து இணையாக ஓட்டினாலும் அவாஹி டி-பஸ்ஸுக்காகக் காத்திருக்கும், டி-பஸ் சிஸ்லாகுக்காகக் காத்திருக்கும். சிஸ்டம்டியோ சாக்கெட்டுகளை முதலிலேயே திறந்து வைத்துவிடுகிறது. சிஸ்லாக் இன்னும் எழுந்திருக்காவிட்டாலும், டி-பஸ் அனுப்பும் வரிகளைக் கெர்னல் பஃபரில் வாங்கி வைத்துக்கொள்ளும். ஆப்பிளின் லான்ச்டியிடம் கற்றது. அவரே அதைச் சொல்கிறார்.

எனக்கு இடிக்கிற இடம் வேறு. இனி சார்புகளைக் கையால் எழுத வேண்டிய தேவை பெரும்பாலும் இருக்காது என்கிற நம்பிக்கை கட்டுரை முழுக்க ஓடுது. சாக்கெட் வழியாகப் பேசும் சர்வீஸ்களுக்கு அது சரி. ஐபி முகவரி சாக்கெட் இல்லையே! ஒரு சின்ன ஆபீஸ் சர்வருக்கு நான் எழுதிய யூனிட் ஃபைலில் 'ஆஃப்டர்' என்று நெட்வொர்க் டார்கெட்டைப் போட்டிருந்தேன். கரண்ட் போய் வந்தால் சில நாள் பில்லிங் ஓடும், சில நாள் ஓடாது. நெட்வொர்க் டார்கெட் என்றால் முகவரி கிடைத்துவிட்டது என்று அர்த்தமில்லை. அதற்கு நெட்வொர்க்-ஆன்லைன் டார்கெட் வேணும். பழைய வரிசை மெதுவாக இருந்ததாலேயே இந்தத் தப்பை மூடி மறைச்சிருக்கு.

இன்னொன்று, பழைய ஹார்ட் டிஸ்க். பத்து சர்வீஸ் ஒரே சமயத்தில் ஃபைல் கேட்டாலும் படிக்கிற முள் அங்கேயும் இங்கேயும் ஓடணும். ஒரே அடுப்பில் பத்து பாத்திரம்.

பூட் நேரம் பார்க்க 'சிஸ்டம்டி-அனலைஸ் பிளேம்' அடிச்சு, மேலே இருக்கிறதை எல்லாம் அணைக்காதீங்க. அதில் சும்மா காத்திருந்த நேரமும் சேர்ந்திருக்கும். 'கிரிட்டிக்கல்-செயின்' பாருங்க. என் லேப்டாப்பில் மோடம்மேனேஜர், ப்ளூடூத் ரெண்டையும் எடுத்துட்டேன். மோடம் என்கிட்ட எப்பவுமே இருந்ததில்லை.