ஆற வைத்த கூழ்

சங்கப் பாட்டுகளில் கள் நிறைய இருக்கிறது என்பது எல்லோருக்கும் தெரிந்த விஷயம். அரசர்கள் வார்த்துக் கொடுத்தார்கள், புலவர்கள் குடித்தார்கள். அதியமான் சிறிது கள் கிடைத்தால் ஔவைக்கே கொடுத்துவிடுவான் என்ற இடம் வந்தால் பள்ளிக்கூடத்துத் தமிழாசிரியர் லேசாகக் கனைத்துவிட்டு அடுத்த பாட்டுக்குப் போய்விடுவார். குடித்ததைப் பற்றிய இந்தக் கூச்சத்தில் வேறொன்றை நாம் கவனிக்காமல் விட்டிருக்கிறோம். அதைச் செய்வது எப்படி என்று படிப்படியாகச் சொல்லும் பகுதி ஒன்றும் நம் பழைய இலக்கியத்தில் இருக்கிறது.

பத்துப்பாட்டில் ஒன்றான பெரும்பாணாற்றுப்படையில் அது வருகிறது. காஞ்சியிலிருந்து ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பாட்டு, ஐந்நூறு அடி. பரிசில் பெற்றுத் திரும்பும் பாணன், வறுமையில் வரும் இன்னொரு பாணனுக்கு வழி சொல்கிறான். எந்த ஊரில் யார் வீட்டில் என்ன சாப்பாடு கிடைக்கும் என்பதுதான் அவன் சொல்லும் வழி. வலைஞர்களின் குடியிருப்புக்கு வரும்போது ஏழெட்டு அடிகளில் அரிசிக் கள் வடிக்கும் முறை முழுவதையும் சொல்லிவிடுகிறான். தென்னையிலோ பனையிலோ இறக்கும் கள் அல்ல இது. தானியத்தைக் கூழாக்கிப் புளிக்க வைத்துச் செய்வது. இன்று பீர் என்று சொல்லும் பானத்துக்கு ஒன்றுவிட்ட சகோதரன்.

முறை இதுதான். தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிக் கூழ் காய்ச்ச வேண்டும். அகன்ற வாயுள்ள தட்டுப் பிழாவில் கொட்டி நன்றாக ஆற்ற வேண்டும். நல்ல அடை ஒன்றை அதில் சேர்த்துப் பிசைய வேண்டும். அந்த அடையின் மேற்புறம் புற்றுக்குள்ளிருக்கும் குரும்பியைப் போல இருக்கும். இரண்டு பகலும் இரண்டு இரவும் கழிய வேண்டும். வலுவான வாயையுடைய சாடியில் பச்சை வாடை போக விளைந்த பிறகு விரலால் அலைத்துப் பிழிந்து வடிக்க வேண்டும். சுட்ட மீனோடு இது உனக்குக் கிடைக்கும் என்று முடிக்கிறான் பாணன்.

இலக்கிய விமர்சகன் இந்த மாதிரி இடங்களை 'சமூக வாழ்க்கைச் சித்திரம்' என்ற தலைப்பின் கீழ் எழுதிவிட்டு உவமைகளைத் தேடிப் போய்விடுவது வழக்கம். எனக்கு வேறொரு அளவுகோலை வைத்துப் பார்க்க ஆசை. இந்த வேலையை அறியாத புதுக்கை ஒருவன் இந்த அடிகளை மட்டும் கையில் வைத்துக்கொண்டு இறங்கினால் கரை சேருவானா?

பெரும்பாலும் சேருவான் என்றே நினைக்கிறேன். எந்த அரிசி, எந்தப் பாத்திரம், எவ்வளவு நாள், எப்போது இறக்குவது என்ற நான்கு கேள்விகளுக்கும் பாட்டில் பதில் இருக்கிறது. கூழை ஆற்றுவதற்கு அகன்ற பிழா. விளைய வைப்பதற்கு வாய் உறுதியான சாடி. சீக்கிரம் ஆறப் பரப்பு வேண்டும், புளிக்கும்போது மூடி வைக்க வாய் வேண்டும் என்று தனியாகச் சொல்லவில்லை. பாத்திரத்தின் வாயைச் சொன்னதிலேயே காரணம் அடங்கிவிட்டது. இரண்டு நாள் என்று கணக்குச் சொன்னவர் அதோடு விடாமல், பச்சை வாடை போக வேண்டும் என்று இன்னொரு அடையாளமும் வைக்கிறார். குளிர் காலத்தில் இட்லி மாவு பொங்கக் காத்திருந்த எந்தப் பெண்மணிக்கும் இந்த இரண்டாவது அடையாளத்தின் அருமை தெரியும். கடிகாரத்தை நம்பி மாவு புளிப்பதில்லை.

வீட்டில் பீர் வடிக்கக் கற்றுக்கொள்கிறவர்களுக்கு மேல்நாட்டில் எத்தனையோ கைப்புத்தகங்கள் இருக்கின்றன. இங்கிலாந்தில் 1963-லும் அமெரிக்காவில் 1978-லும் சட்டம் தளர்ந்த பிறகு இந்தப் பொழுதுபோக்கு அங்கே பெருகியது. அந்தப் புத்தகங்கள் ஓயாமல் சொல்லும் பாடம், பாத்திரத்தைக் கழுவு என்பதுதான். வேண்டாத கிருமி ஒன்று புகுந்தால் பானம் காடியாகிவிடும். உருத்திரங்கண்ணனாரின் வலைஞர் வீட்டில் கழுவுதல் இல்லை. ஆனால் அதே பாட்டில் சில பத்து அடிகள் தள்ளிக் கடற்கரைப் பட்டினம் வருகிறது. அங்கே கள் சமைக்கும் பெண்கள் வட்டில்களைக் கழுவிக் கொட்டிய நீர் வழிந்து சேறாகி, அதில் பன்றிகள் புரள்கின்றன. சேற்றைப் பார்த்தே அந்த வீட்டில் எவ்வளவு கழுவுகிறார்கள் என்று நாம் தெரிந்துகொள்ளலாம். கள்ளைப் பாடியவர்கள் பலர். கள் செய்த பாத்திரத்தைக் கழுவிய தண்ணீர் எங்கே போயிற்று என்று பார்த்த கண் அபூர்வம்.

இனி, சந்தேகமான ஓர் இடம். அந்த அடை என்ன?

1889-இல் உ. வே. சாமிநாதையர் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு பதிப்பித்தார். உரை மரபில் இந்த அடையை நெல்முளை என்று கொள்வார்கள். முளைகட்டிய நெல்லை இடித்துச் சேர்ப்பது. இதில் நியாயம் இருக்கிறது. தானியம் முளைவிடும்போது மாவைச் சர்க்கரையாக்கும் சத்து ஒன்று அதில் உண்டாகிறது. பீருக்குப் பார்லியை முளைகட்டுவது இதற்காகத்தான். நம் வீடுகளுக்கும் இது புதிதல்ல. குழந்தைக்குக் கேழ்வரகை ஊறவைத்துத் துணியில் கட்டி முளைவந்ததும் உலர்த்தி அரைக்கிறோம் அல்லவா? அந்த மாவில் ஒரு கரண்டியைக் கொதி அடங்கிய கெட்டிக் கூழில் போட்டுக் கிளறிப் பார்த்தேன். சற்று நேரத்தில் கூழ் தண்ணீராய் இளகிவிட்டது. நாவில் மெல்லிய இனிப்பும் தட்டியது. அதற்கு மேல் நான் போகவில்லை. தமிழ்நாட்டில் 1937-ஆம் வருஷத்து மதுவிலக்குச் சட்டம் இன்னும் இருக்கிறது. வீட்டில் மது செய்வது குற்றம். பாட்டின் மிச்சத்தைப் படித்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

படிப்பதற்கு எனக்கு ஒரு துணை கிடைத்தார். நான் இருப்பது அவிநாசிபாளையத்தில். திருப்பூரிலிருந்து தாராபுரம் போகும் சாலை, கோவையிலிருந்து கரூர் போகும் சாலையைச் சந்திக்கும் ஊர். இங்கே வீட்டுக்கு ஒருவராவது பனியன் கம்பெனியிலோ தறியிலோ சாயப்பட்டறையிலோ இருப்பார். எங்கள் தெருவில் ஒரு டையிங் மாஸ்டர் இருக்கிறார். பனியன் துணிக்குப் 'பயோ வாஷ்' கொடுப்பதில் முப்பது வருஷப் பழக்கம். துணியின் மேல் நீட்டிக்கொண்டிருக்கும் மயிரிழைகளை என்சைம் என்ற சத்து தின்று வழவழப்பாக்கும். நெல்முளையில் மாவை இளக்குவதும் என்சைம்தான்; ஒன்று மாவைத் தின்னும், மற்றது பஞ்சைத் தின்னும். அவரிடம் இந்த அடிகளைப் படித்துப் பொருள் சொன்னேன். அடைக்கு வரும் முன்பே நிறுத்திவிட்டார்.

"ஏனுங்கய்யா, கூழ நல்லா ஆற வெச்சுப்போட்டா அடையக் கலக்கறாங்க?"

ஆமாம் என்றேன்.

"எங்க என்சைமா இருந்தா ஆறுன தண்ணியில சோம்பிக் கெடக்குமுங்க. அம்பது அம்பத்தஞ்சு டிகிரியாச்சும் வேணும். ஆற வெக்கறாங்கன்னா உள்ள போறது உசுருள்ள சாமானுங்க. சூட்டுல போட்டாச் செத்துப்போயிரும்."

எந்த உரையிலும் நான் காணாத கேள்வி இது. யோசித்துப் பார்த்தால் அவர் பக்கம்தான் பாட்டு சாய்கிறது. முளைமாவு நன்றாக வேலை செய்வது அறுபது டிகிரிக்கு மேல், கை பொறுக்காத சூட்டில். ஆறின கூழிலும் அது மெதுவாக வேலை செய்யும் என்பதை மறுக்கவில்லை. ஆனால் அவ்வளவு அக்கறையாக, அதற்கென்று அகலப் பாத்திரம் தேடி, சூடு முழுவதையும் போக்க வேண்டிய அவசியம் முளைமாவுக்கு இல்லை. சூட்டைப் போக்கினால்தான் பிழைக்கும் பொருள் ஒன்று உண்டு, அதுதான் ஈஸ்ட். சர்க்கரையைத் தின்று மதுவாக்குவது அது. முளை மட்டும் போட்டால் கூழ் இனிக்கும். மதுவாவதற்கு ஈஸ்ட் எங்கிருந்தாவது வர வேண்டும். காற்றிலிருந்தோ பழைய சாடியிலிருந்தோ வரலாம். அடையிலேயே இருந்திருக்கலாம் என்பது என் ஊகம்.

இப்போது உவமையைப் பாருங்கள். குரும்பி என்பது புற்றுக்குள் கறையான் கட்டும் கூடு. புற்றாஞ்சோறு என்று கிராமத்தில் சொல்வார்கள். துளைதுளையாக, கையில் எடுத்தால் உதிரும்படி இருக்கும். கறையான்கள் அதைக் கட்டுவதே அதன் மேல் ஒருவகைக் காளானை வளர்த்துத் தின்பதற்காக. இடித்த முளைமாவுக்கு இந்த உவமை அவ்வளவாகப் பொருந்தவில்லை. பூஞ்சை பூத்து உலர்ந்த மாவு வில்லைக்கு அப்படியே பொருந்துகிறது. அடையின் புறத்துக்குப் 'பூ' என்ற அடைமொழியும் கொடுத்திருக்கிறார் புலவர். அழகு என்று உரை சொல்லலாம். பூத்திருந்தது என்று நேராகவே எடுத்துக்கொண்டால் என்ன குறைந்துவிடும்?

அப்படிப்பட்ட வில்லைகள் இன்றும் நம் நாட்டில் இருக்கின்றன. சிக்கிமிலும் நேபாளத்திலும் மர்ச்சா என்பார்கள்; மணிப்பூரில் ஹமேய். அரிசி மாவோடு மூலிகை கலந்து தட்டி, பூஞ்சை பிடிக்க வைத்து உலர்த்திய சின்ன வில்லைகள். சோற்றை ஆற வைத்து இதைத் தூளாக்கித் தூவுகிறார்கள். ஆற வைத்துத்தான். அசாமின் திமாசா மக்கள் வீட்டில் வடிக்கும் ஜூதிமா என்ற அரிசி மதுவுக்கு 2021-இல் புவிசார் குறியீடே கிடைத்திருக்கிறது. அங்கே அது பாட்டியிடமிருந்து பேத்திக்கு வருகிற கைவேலை. நம்மிடம் அது நூலகத்தில் இருக்கிறது. சந்தேகம் வந்தால் கேட்க ஒரு கை இல்லை.

பாட்டைப் பானையில் வைத்துச் சோதிப்பது விமர்சனமாகுமா என்று சிலர் கேட்கலாம். சுமேரியர்களிடம் நின்காசி என்ற பீர்த் தெய்வத்தின் மேல் ஒரு துதிப்பாட்டு இருந்தது. ஏறக்குறைய 3,800 வருஷத்துக்கு முந்தியது. அதுவும் வடிக்கும் முறையைத்தான் பாடுகிறது. மிகெல் சிவில் என்ற அறிஞர் 1964-இல் அதன் மொழிபெயர்ப்பை வெளியிட்டார். 1989-இல் சான் பிரான்சிஸ்கோவில் ஆங்கர் என்ற மதுசாலை அந்தப் பாட்டைப் பார்த்து ஒரு பீரையே வடித்துக் காட்டியது. அங்கேயும் வழக்கு ஒரு சொல்லின் மேல்தான். 'பப்பிர்' என்பது ரொட்டியா, வேறொன்றா என்று பண்டிதர்கள் இன்னும் சண்டை போடுகிறார்கள். நம் அடையைப் பற்றிச் சண்டை போடக்கூட ஆள் இல்லை என்பதுதான் வருத்தம்.

ஏன் இல்லை என்பதற்குக் காரணம் தேடி வெகு தூரம் போக வேண்டாம். திருக்குறளில் கள்ளுண்ணாமை ஓர் அதிகாரம். நம் காலத்தில் ராஜாஜி 1937-இல் சேலத்தில் தொடங்கிய மதுவிலக்கு. 1987-லிருந்து கள்ளுக்கும் சாராயத்துக்கும் தடை. 2003-லிருந்து அரசாங்கமே சில்லறையில் பாட்டில் விற்கும் கடைகள். குடியால் அழிந்த குடும்பங்களை நானும் பார்த்திருக்கிறேன். திருப்பூர்ப் பக்கத்தில் சனிக்கிழமைச் சம்பளம் எங்கே போகிறது என்று எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள். கள்ளுக்கு வக்காலத்து வாங்க நான் இங்கே வரவில்லை. குடிக்கிறவன் பெருகி, செய்கிறவர் முற்றும் மறைந்துவிட்ட ஒரு நிலைமை நமக்கு வந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்கிறேன்.

நம் நாவல்களும் இந்த நிலைமையை அப்படியே ஏற்றுக்கொண்டுவிட்டன. குடிகாரன் வருவான், தள்ளாடுவான், மனைவியை அடிப்பான், கடைசி அத்தியாயத்தில் திருந்துவான் அல்லது சாவான். பாட்டிலுக்கு முந்திய கதை எதுவும் கிடையாது. கள்ளோடு இது நின்றால் பரவாயில்லை. பனியன் ஊரைப் பற்றி எழுதுகிற கதைகளில் கூலி உண்டு, கண்ணீர் உண்டு, காதலும் உண்டு. துணிக்குச் சாயம் எப்படி ஏறுகிறது என்று கேட்டால் பக்கம் வெறுமையாக இருக்கும். நானும் நாவல் எழுதுகிறவன் என்பதால் இந்தக் குறை எனக்கு வெளியிலிருந்து தெரிந்த குறை இல்லை. வேலை செய்கிறவனின் துயரத்தை எழுதுவது சுலபம். வேலையை எழுதுவது கஷ்டம். வேலை தெரியாமல் எழுதிய துயரம் எந்த ஊருக்கும் பொருந்தும், அதனாலேயே எந்த ஊரையும் சேராது.

உருத்திரங்கண்ணனார் அரசனைப் பாடப் போனவர். வலைஞர் வீட்டுக் கூழ் ஆறும்வரை நிற்க வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை. நின்று பார்த்திருக்கிறார். பார்த்ததைக் கூட்டாமல் குறைக்காமல் வைத்ததனால்தான், அந்த வேலை தமிழ்நாட்டில் அற்றுப்போன பிறகும் ஒரு சாயப்பட்டறைக்காரர் அதில் புகுந்து கேள்வி கேட்க முடிகிறது. வர்ணனைக்கு இதைவிடப் பெரிய பரீட்சை எனக்குத் தெரியவில்லை. பழைய பாட்டுக்குப் புதிதாக உரை எழுதப் போகிறவர்கள், அகராதியை விரிப்பதற்கு முன்னால், அடுப்பையும் பட்டறையையும் அறிந்த ஒருவரிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டு எழுதலாம். நாவல் எழுதப் போகிறவர்களுக்கும் அது நல்லது.