சூரத் புகைச் சந்தையும் விளாத்திகுளத்து மூட்டமும்

மாசு வர்த்தகம்னு சொன்னாலே, "காசு குடுத்துப் புகை விடுற லைசென்ஸ்தானே?" என்று நம்மாட்கள் சிரிப்பார்கள். சூரத் ஆய்வைப் படித்தபின் அந்தச் சிரிப்பில் என்னால் சேர முடியவில்லை. ஆனால் ஆய்வைக் கொண்டாடுகிறவர்களோடும் முழுசாகச் சேர முடியவில்லை.

2019-இல் குஜராத் மாசுக் கட்டுப்பாட்டு வாரியம் தொடங்கிய இந்தச் சந்தை, நுண்துகளுக்கென்று உலகில் வந்த முதல் சந்தை. நிலக்கரி எரிக்கும் 317 ஆலைகள், பெரும்பாலும் துணி ஆலைகள். குலுக்கலில் பாதியை மட்டும் சந்தைக்குள் சேர்த்தார்கள். கிரீன்ஸ்டோன், பாண்டே, ரயன், சுதர்சன் நால்வரின் கணக்குப்படி, சேர்ந்தவர்களின் துகள் 20-30 சதவீதம் குறைந்தது.

இதில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று. புகைக்கூண்டில் அளவுக் கருவி இரண்டு தரப்புக்கும் மாட்டப்பட்டது. ஆக, மீட்டர் மட்டும் எதையும் குறைத்துவிடவில்லை. பழைய விதியில் வாரியத்தின் கையில் இருந்தது ஆலையை மூடுவது, வழக்குப் போடுவது மாதிரி பெரிய அரிவாள். சின்னத் தப்புக்கு அதை யார் ஓங்குவார்கள்? சந்தையிலோ அனுமதி வாங்காமல் விட்ட ஒவ்வொரு கிலோவுக்கும் முன்பணத்தில் கழியும். வேலை செய்தது அந்தக் கழிவுதான்.

சரி, இதை அப்படியே தெற்கே கொண்டுவரலாமா? விளாத்திகுளம் பக்கம் சீமைக் கருவேலத்தை வெட்டி அடுக்கி, மண் பூசி மூட்டம் போடுவார்கள். நாட்கணக்கில் புகையும். அதற்குக் கூண்டு ஏது, மீட்டர் மாட்ட? மானாவாரி பொய்த்த வருஷம் அடுப்பெரிய வைப்பது அந்தக் கரிதான். தடை போட்டால் அடி வாங்குவது கூலிக்காரர். அங்கே தேவை புகை குறைந்த சூளையும் அதற்கு மானியமும், சந்தை அல்ல.

தூத்துக்குடி அனல்மின் நிலையத்துக்குக் கூண்டு உண்டு. அங்கே சிக்கல் வேறு: ஆலையும் அரசுடையது, வாரியமும் அரசுடையது. முன்பணத்தைக் கழித்தால் ஒரு பையிலிருந்து இன்னொரு பைக்கு. 2011-இலேயே மத்திய அரசின் முன்னோட்டத் திட்டத்தில் குஜராத், மகாராஷ்டிரத்தோடு தமிழ்நாட்டின் பெயரும் இருந்தது என்பதை யாராவது ஞாபகம் வைத்திருக்கிறார்களா?

உச்சவரம்பு அசையாது என்று ஆலைக்காரர் நம்பினால்தான் அனுமதிக்கு விலை நிற்கும். அனல் நிலையங்களின் கந்தக டை ஆக்சைடுக்கு 2015-இல் வந்த விதிக்கு 2017 கெடு. தள்ளித் தள்ளி, 2025 ஜூலையில் பெரும்பாலானவற்றுக்கு விலக்கே கொடுத்துவிட்டார்கள். இதைப் பார்த்த எந்த முதலாளி அனுமதியைக் காசு போட்டு வாங்குவார்?