கதவுக்குள்ளே சகோதரர்

ஏகாதிபத்தியக் கவிஞரென்று கிப்ளிங்கை ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவோர், 1896இல் வெளிவந்த ‘ஏழு கடல்கள்’ தொகுதியிலுள்ள ‘தாய் லொட்ஜ்’ என்ற கவிதையை ஊன்றிப் படித்தல் வேண்டும். கிப்ளிங் 1886இல், இருபது வயதில், லாகூரிலே பிறீமேசன் சபையிற் சேர்ந்தவர். கவிதையில் வருபவனோ கொச்சை ஆங்கிலம் பேசும் சாதாரணன். கணக்காளர் போலாநாத், படவரைஞர் தீன் முகம்மது, ஏடன் யூதர் சவுல், சீக்கியர் அமீர்சிங் ஆகியோருடன் சகோதரனாய் அமர்ந்திருந்த இரவுகளை எண்ணி அவன் ஏங்குகிறான்.

அந்த ஏக்கம் பொய்யன்று. கொத்தனாரின் மட்டத்தையும் மூலைமட்டத்தையும் சமத்துவத்துக்கும் நேர்மைக்கும் குறியாக்கிப் போதிக்கும் அச்சபையிலே, அவரவர் தத்தம் தெய்வத்தைப் பற்றிப் பகையின்றி நெடுநேரம் பேசினர். இன்றும் இது சிறிய காரியமன்று.

ஆனால், கதவுக்கு வெளியே சலாமும் சல்யூட்டுமே வழக்கம். உள்ளே ‘சகோதரா’ என்பதால் தீங்கேதும் இல்லையென்கிறான் அவன். கவிதை முழுவதையும் காட்டிக்கொடுக்கும் இடம் இதுவே. யாருக்குத் தீங்கில்லை? ஆள்பவனுக்கு! சாதி கெட்டுவிடுமென்று அஞ்சி அங்கு விருந்தும் வைப்பதில்லையாம். பந்தியில்லாச் சகோதரத்துவத்தை யாழ்ப்பாணத்து வாசகருக்கு நான் விளக்கவேண்டியதில்லை.

1899இல் ‘வெள்ளையனின் சுமை’யைப் பாடி, பிலிப்பைன்சை ஆளுமாறு அமெரிக்கரைத் தூண்டியவரும் இவரே. இதனை முரண்பாடென்பர் சிலர். எனக்கு அவ்வாறு தோன்றவில்லை. வெளியே வந்ததும் போலாநாத் மீண்டும் ஆளப்படுபவராகிவிடுகிறார். அந்தக் கதவைத் திறந்துவைக்க அவ்வேக்கக்காரன் ஒரு வரியிலேனும் எண்ணவில்லை. மறுபடி உள்ளே போய் அமரவே விரும்புகிறான்.